சிறுதேர்

தொண்ணூறுகளைப் பற்றி ஆண்கள் எழுதும் நினைவுக் குறிப்புகளை நான் விரும்பிப் படிப்பேன். மணிக்கு இவ்வளவு என்று வாடகை கொடுத்து ஆடிய வீடியோ கேம், டி.வி.யில் செருகி ஆடிய மரியோ, பிரௌசிங் சென்டரில் நண்பர்கள் தோளோடு தோள் நெருக்கி உட்கார்ந்து ஓட்டிய ரோடு ராஷ். டியூஷன் என்று பொய் சொல்லிவிட்டுப் போனது, இருட்டிய பிறகு வீடு திரும்பியது, அப்பாவிடம் அடி வாங்கியது. அடி வாங்கியதைக்கூட இனிப்பாகச் சொல்வார்கள். அந்தப் பக்கங்களில் பெண்கள் இரண்டே இடங்களில் வருவார்கள். ஒன்று, தேடிக்கொண்டு வரும் அம்மா. இன்னொன்று, வீட்டில் போட்டுக்கொடுக்கும் தங்கை.

அந்தத் தங்கை அந்த நேரத்தில் என்ன விளையாடிக்கொண்டிருந்தாள் என்று யாரும் எழுதுவதில்லை. அவளும் எழுதுவதில்லை. எழுத அவளுக்குத் தெரியாமல் இல்லை; நினைத்து ஏங்குவதற்கு அவளிடம் சரக்கு குறைவு. ஏங்க வேண்டுமென்றால், முதலில் அந்தப் பொழுது நம் கையில் இருந்திருக்க வேண்டும். நினைவேக்கத்துக்கும் முதலீடு உண்டு, தோழிகளே. அது சும்மா இருந்த நேரம்.

எனக்கு அப்படி ஏறக்குறைய மூன்று மாதம் வாய்த்தது. 1997ஆம் ஆண்டு, பிளஸ் டூ தேர்வு முடிந்த கோடை. ஊர், கும்மிடிப்பூண்டி. விளையாட்டின் பெயர், வேக்கி வீல்ஸ். விலங்குகள் குட்டிக் கார்களை ஓட்டி ஒன்றையொன்று முந்தும் கணினிப் பந்தயம். அதைப் பற்றி எழுத இத்தனை ஆண்டுகள் ஆனதற்கும் மேலே சொன்னதுதான் காரணம். முனைவர் பட்டம் வாங்கிய, கவிதை எழுதுகிற ஒருத்தி நினைவு வைத்திருக்க வேண்டியவை என்று ஒரு பட்டியல் இருக்கிறது. அதில் கேம் வராது.

*

கும்மிடிப்பூண்டியைத் தெரியாதவர்களுக்குக் கொஞ்சம் சொல்கிறேன். சென்னையிலிருந்து வடக்கே போகும் புறநகர் ரயில் மீஞ்சூர், பொன்னேரி, கவரைப்பேட்டை என்று நின்று நின்று எங்கள் ஊரில் வந்து சேரும். இன்னும் கொஞ்சம் போனால் ஆந்திரம். சிப்காட் தொழிற்பேட்டையில் இரும்பை உருக்கி நீட்டும் ஆலைகள் நிறைய. என் அப்பா அப்படி ஒரு ரோலிங் மில்லில் ஷிப்ட் பார்த்தவர். அவர் சட்டை எதிலும் நெருப்புப்பொறி பட்டு ஓட்டை விழாத இடம் கிடையாது. எங்கள் வீட்டுக் கடிகாரம் நேரம் காட்டியதைவிட ஷிப்ட் காட்டியதுதான் அதிகம். அப்பா நைட் ஷிப்ட் முடித்துத் தூங்கும் பகல்களில் வீட்டில் பாத்திரம்கூடச் சத்தமில்லாமல்தான் வைக்க வேண்டும். சத்தம் போடாமல் இருப்பதில் நான் சின்ன வயதிலேயே தேறியிருந்தேன்.

பிளஸ் டூ முடித்த பெண்ணை வீட்டில் சும்மா வைத்திருக்கக் கூடாது. வெளியே சுற்றவும் விடக் கூடாது. இரண்டுக்கும் பொதுவான பதில் டைப்ரைட்டிங். பஜாரில் மாடி மேல் ஒரு இன்ஸ்டிடியூட். அதை நடத்தியவர் முப்பத்தைந்து வயதைத் தாண்டிய, கல்யாணம் செய்துகொள்ளாத ஒரு பெண். நாங்கள் ‘டீச்சர்’ என்போம். ஊர் வேறு பல பெயர் சொல்லும். அந்த வருடம் அவர் கடன் வாங்கி இரண்டு கம்ப்யூட்டர் இறக்கியிருந்தார். டாஸ், வேர்ட்ஸ்டார், ஃபாக்ஸ்புரோ என்று போர்டு எழுதிவைத்தார். கம்ப்யூட்டர் இருந்த தடுப்பறைக்குள் செருப்பு போட்டுப் போகக் கூடாது. வேலை முடிந்ததும் பிளாஸ்டிக் உறை போட்டு மூட வேண்டும். மானிட்டர் நெற்றியில் சந்தனமும் குங்குமமும் இருக்கும்.

அந்த ஆண்டில்தான் செங்கல்பட்டு எம்.ஜி.ஆர். மாவட்டம் பிரிந்து திருவள்ளூர் மாவட்டம் உருவாகியிருந்தது. பயிற்சிக்காக நாங்கள் அடித்த விண்ணப்பக் கடிதங்களிலெல்லாம் ஊர் பழையது, மாவட்டம் புதியது. விரல் பழக்கத்தில் பழைய பெயரையே அடித்துவிட்டு, மறுபடி தாள் மாற்றுவோம்.

மதியம் இரண்டிலிருந்து நான்கு வரை பெண்கள் பேட்ச். அந்த வெயிலில் பையன்கள் வர மாட்டார்கள் என்பதால் எங்களுக்குக் கிடைத்த நேரம் அது. டீச்சரின் தம்பி சென்னையிலிருந்து வரும்போது ஒரு பிளாப்பியில் அந்த விளையாட்டைக் கொண்டுவந்து போட்டுவிட்டுப் போனார். ஒரு கீபோர்டில் இரண்டு பேர் ஆடலாம். திரை இரண்டாகப் பிரியும். ஒருத்திக்கு வலது பக்கத்துச் சாவிகள், ஒருத்திக்கு இடது பக்கத்துச் சாவிகள். முழங்கை இடிக்கும். வளைவு வந்தால் காரோடு சேர்ந்து நாங்களும் சாய்வோம்.

*

மொத்தம் எட்டு விலங்குகள். பாண்டா, யானை, புலி, ஒட்டகம், சுறா, ரக்கூன், மூஸ் என்கிற பெரிய கொம்பு மான், கடைசியாகக் கூழைக்கடா. பழவேற்காடு ஏரிக்கு வருகிற பறவை என்பதால் கூழைக்கடாவை மட்டும் ‘நம்ம ஊர்க்காரி’ என்று நான் எடுத்துக்கொண்டேன். ஆரம்பாக்கம் பக்கத்திலிருந்து ரயிலேறி வரும் தோழி யானையை எடுத்தாள். அவள் வீட்டில் தெலுங்கு. இலங்கை அகதி முகாமிலிருந்து வரும் தோழி ஒட்டகத்தை எடுத்தாள். 1990இல் மன்னாரிலிருந்து வந்த குடும்பம் அவளுடையது. முகாமில் ஆள் கணக்கெடுக்கும் நாளென்றால் அவள் வர மாட்டாள். அவர்கள் பெயரை இங்கே எழுதப் போவதில்லை. யானை, ஒட்டகம் என்றே சொல்கிறேன். அவர்கள் படித்தால் சிரிப்பார்கள்.

அந்த விலங்குகளுக்குப் பெயர் உண்டு. மோரிஸ், ரிங்கோ என்றெல்லாம். அவை ஆண் பெயர்கள் என்று இப்போது தெரிகிறது. அன்று ஆங்கிலப் பெயரில் ஆண்பால் பெண்பால் பார்க்க எங்களுக்குத் தெரியாது. அதனால் எல்லாருமே எங்களுக்குப் பெண்கள்தான். ஒட்டகத்தின் பெயர் மட்டும் சுல்தான், அது புரிந்தது. “சுல்தான் எண்டா என்ன, நான்தானே ஓடுறன்” என்று அவள் சொல்லிவிட்டாள். விஷயம் அத்தோடு முடிந்தது.

பாதையில் கிடக்கும் முள்ளெலிகளைப் பொறுக்கிக்கொண்டு முன்னால் போகிறவர் மேல் எறிய வேண்டும். பட்டால் கார் சுழன்று நிற்கும். பந்தயம் சூடு பிடித்தால் அந்தத் தடுப்பறையில் மூன்று பாஷை பறக்கும். யானை “பத பத பத” என்று காரை விரட்டுவாள். ஒட்டகம் “எடியே விடாதை, பின்னாலை வாறாள்” என்பாள். நான் வார்த்தையே இல்லாமல் கத்துவேன். எங்கள் வீட்டில் அவ்வளவு சத்தமாக நான் ஒருநாளும் பேசியதில்லை.

மூன்று வாரம் கழித்துப் புகார் வந்தது. கம்ப்யூட்டரில் விளையாடுகிறோம் என்று யாரும் சொல்லவில்லை. அப்படி ஒன்று இருப்பதே கீழே இருந்தவர்களுக்குத் தெரியாது. “பொம்பளைப் புள்ளைங்க மேல உக்காந்துகினு அப்பிடி சிரிக்குதுங்க. கடைக்கு வர்றவங்க இன்னா நினைப்பாங்க?” புகார் இவ்வளவுதான். பிரச்சினை சிரிப்பு. இரண்டு வீட்டில் விசாரணை நடந்தது. யானையின் அண்ணன் ஒருநாள் வந்து படியில் நின்று எட்டிப் பார்த்துவிட்டுப் போனார்.

டீச்சர் விளையாட்டை அழிக்கவில்லை. எங்களுக்கு அறிவுரையும் சொல்லவில்லை. மறுநாள் வந்தபோது, தெருப்பக்கச் சன்னலோரம் இரண்டு டைப்ரைட்டரை இழுத்துப் போட்டிருந்தார். “சத்தம்தானே அவங்களுக்குக் கஷ்டம்? சத்தத்தாலேயே மூடிடலாம்” என்றார். அன்றிலிருந்து முறைவைத்தோம். இரண்டு பேர் ஓட்ட வேண்டும். மூன்றாவது ஆள் சன்னலோர மெஷினில் உட்கார்ந்து இடைவிடாமல் டைப் அடிக்க வேண்டும். படியில் யாராவது ஏறினால் கேரேஜை ஓரத்துக்குத் தள்ளித் தள்ளி மணியை அடிக்க வேண்டும். இரண்டு மணி அடித்தால் திரையில் வேர்ட்ஸ்டார் வந்துவிடும். கீழே இருந்தவர்கள், பெண்கள் நன்றாகப் படிக்கிறார்கள் என்று திருப்தியானார்கள். லோயரை நான் முதல் வகுப்பில் பாஸ் செய்தேன். அந்த வேகம் எங்கிருந்து வந்தது என்று எனக்குத் தெரியும்.

பெண்கள் சிரிக்க வேண்டுமானால் இன்னொரு பெண் பக்கத்தில் உட்கார்ந்து வேலை செய்கிற சத்தம் கேட்டுக்கொண்டே இருக்க வேண்டும். பிற்பாடு எத்தனையோ வீடுகளில் இதைப் பார்த்தேன். கல்யாண வீட்டில் காய் நறுக்கும்போது, ஊறுகாய்க்கு மாங்காய் அரியும்போது, கரும்பலகைக்குப் பின்னால் விடைத்தாள் கட்டும்போது பெண்கள் சிரிக்கிறார்கள். கையில் வேலை இருந்தால் சிரிப்புக்கு அனுமதி உண்டு. வெறுங்கையோடு சிரிப்பவளைத்தான் ஊர் திரும்பிப் பார்க்கிறது.

*

குட்டிக் கார் என்கிற கார்ட், உண்மையில் வீட்டுக் கொல்லையில் பிறந்த வண்டி. 1956இல் கலிஃபோர்னியாவில் ஆர்ட் இங்கெல்ஸ் என்பவர் புல்வெட்டும் இயந்திரத்தின் மோட்டாரைக் குழாய்ச் சட்டத்தில் பொருத்தி முதல் கார்ட்டைச் செய்தார். கணினி விளையாட்டில் அதைப் புகழ்பெறச் செய்தது 1992இல் நிண்டெண்டோ வெளியிட்ட சூப்பர் மரியோ கார்ட். அதில் ஓட்டுநர்கள் எட்டுப் பேர். அதில் ஒரே ஒருத்தி இளவரசி. மற்ற மரியோ விளையாட்டுகளில் கடத்தப்பட்டு மீட்கப்படக் காத்திருப்பவள், இதில் ஸ்டீயரிங் பிடித்தாள். அதன் சாயலில் 1994இல் அபோஜி நிறுவனம் டாஸ் கணினிகளுக்காக வெளியிட்டதுதான் எங்கள் வேக்கி வீல்ஸ். முதல் பகுதி இலவசம், பிடித்திருந்தால் பணம் கட்டி மீதியை வாங்கிக்கொள்ளலாம் என்பது அவர்கள் வியாபார முறை. அதனால்தான் பிளாப்பி பிளாப்பியாகக் கைமாறி கும்மிடிப்பூண்டி மாடிவரை வந்தது.

ஆனால் நம்மிடம் இந்த வண்டி இன்னும் பழையது. தமிழ் எம்.ஏ. முதலாண்டில் பிள்ளைத்தமிழ் படித்தபோது நான் வகுப்பில் நிமிர்ந்து உட்கார்ந்தேன். பிள்ளைத்தமிழுக்குப் பத்துப் பருவம். காப்பு முதல் அம்புலி வரை ஏழு பருவம் ஆணுக்கும் பெண்ணுக்கும் பொது. கடைசி மூன்றில்தான் பாதை பிரிகிறது. ஆண் குழந்தைக்குச் சிற்றில், சிறுபறை, சிறுதேர். பெண் குழந்தைக்கு அம்மானை, நீராடல், ஊசல். அதாவது, ஆண் குழந்தை சிறுமிகள் கட்டிய மணல் வீட்டைக் காலால் சிதைக்கும், பறை கொட்டும், தேர் உருட்டும். பெண் குழந்தை காய்களை மேலே எறிந்து பிடிக்கும், நீராடும், ஊஞ்சல் ஆடும். நம் பாட்டியல் நூல்கள் வகுத்த இலக்கணம் இது. பறை சத்தம் போடுவது; தேர் ஊரைச் சுற்றி வருவது. இரண்டும் அவனுக்கு. ஊஞ்சலும் வேகம்தான், எவ்வளவு வேகமாகப் போனாலும் புறப்பட்ட இடத்துக்கே திரும்பி வரும் வேகம்.

இன்னும் பின்னால் போனால் பட்டினப்பாலை. காவிரிப்பூம்பட்டினத்தின் செழிப்பைச் சொல்ல உருத்திரங்கண்ணனார் ஒரு காட்சி வைத்திருக்கிறார். முற்றத்தில் தானியம் காய்கிறது. கொத்த வரும் கோழியை விரட்ட, காவலிருக்கும் பெண் காதிலிருந்த கனத்த குழையைக் கழற்றி எறிகிறாள். அது, சிறுவர்கள் குதிரையில்லாமல் உருட்டி வரும் மூன்று சக்கரச் சிறுதேருக்கு முன்னால் விழுந்து வழியை மறிக்கிறது. பொன்னைக் கல்லாக எறியும் அளவுக்குச் செல்வம் என்று நாங்கள் உரை சொல்வோம். மாணவிகள் பரீட்சையில் எழுதுவார்கள். வேக்கி வீல்ஸ் ஆடிய கண்ணுக்கு அந்தக் காட்சியில் வேறொன்று தெரிகிறது. ஓடும் வண்டி, வழியில் வந்து விழும் பொருள், நின்றுபோகும் சக்கரம். கார்ட் பந்தயம்தான். வண்டி ஓட்டுகிறவன் விளையாடுகிறான். குழை எறிந்தவளோ தானியம் காக்கிறாள். ஒரே முற்றத்தில் அவனுக்கு விளையாட்டு, அவளுக்கு வேலை. இதை வகுப்பில் சொன்ன முதல் நாள் மாணவிகள் என்னைவிட வேகமாகப் புரிந்துகொண்டார்கள்.

*

எங்கள் மாவட்டத்துக்கும் கார்ப் பந்தயத்துக்கும் நிஜமான உறவு உண்டு. கும்மிடிப்பூண்டிக்கும் செங்குன்றத்துக்கும் நடுவே சோழவரம் இருக்கிறது. இரண்டாம் உலகப் போர்க் காலத்து விமான ஓடுதளம் அங்கே சும்மா கிடந்தது. 1953இல் தொடங்கப்பட்ட மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப் அந்த ஓடுதளத்தில் ஐம்பதுகளிலிருந்து எண்பதுகள் வரை பந்தயம் நடத்தியது. 1990இல் ஸ்ரீபெரும்புதூர் பக்கம் இருங்காட்டுக்கோட்டையில் தனித் தளம் திறந்த பிறகு பந்தயம் அங்கே போய்விட்டது. சோழவரம் ரேஸ் என்றால் பழைய ஆட்கள் இன்றும் கண் விரிய பேசுவார்கள். என் தாய்மாமன் சைக்கிளில் மூன்று பேராகப் போய்ப் பார்த்த கதையை எங்கள் வீட்டில் எல்லாருக்கும் மனப்பாடம்.

அம்மா பிறந்த ஊர் அந்தப் பக்கம்தான். ஒருநாள் அம்மாவிடம் கேட்டேன், “நீ ரேஸ் பாத்திருக்கியாம்மா?”

“பாத்ததில்ல. கேட்டிருக்கேன். களை எடுத்துட்டு இருப்போம், வண்டு கணக்கா சத்தம் வரும். கிட்ட வர்றது, தூரம் போறது எல்லாம் தெரியும்.”

மாமன் பார்த்த பந்தயத்தை அம்மா கேட்டாள். தூரம் ஒன்றுதான். மாமனுக்குச் சைக்கிள் இருந்தது, அம்மாவுக்குக் களை இருந்தது.

புதுக்கோட்டையில் தொண்ணூறுகளின் தொடக்கத்தில் அறிவொளி இயக்கம் எழுத்தோடு சேர்த்துச் சைக்கிளையும் பெண்களுக்குக் கற்றுக்கொடுத்தது. மாவட்ட ஆட்சியராக இருந்த ஷீலா ராணி சுங்கத் அதை முன்னின்று நடத்தினார். சக்கரம் கிடைத்தால் பெண்ணுக்கு என்ன ஆகும் என்பதற்கு அதைவிட நல்ல சான்று நம்மிடம் இல்லை. 2021இலிருந்து நகரப் பேருந்துகளில் மகளிருக்குக் கட்டணம் இல்லை. இவையெல்லாம் பெரிய காரியங்கள். ஆனாலும் இவற்றுக்காக வாதாடும்போது நாம் எல்லாருமே ‘வேலைக்குப் போக, சந்தைக்குப் போக, ஆஸ்பத்திரிக்குப் போக’ என்றுதான் சொல்கிறோம். பெண் ஓர் இடத்துக்குப் போவதற்குக் காரணம் கேட்பார்கள் என்று தெரிந்து முன்கூட்டியே காரணத்தை நீட்டிவிடுகிறோம். கார்ட் பந்தயத்தில் எங்கேயும் போய்ச் சேர வேண்டியதில்லை. சுற்றிச் சுற்றி வரலாம். எங்களுக்கு அது பிடித்திருந்தது.

சென்னையைச் சேர்ந்த அலிஷா அப்துல்லா சிறு வயதில் கோ-கார்ட்டில் தொடங்கி, பைக், கார்ப் பந்தயங்களில் ஆண்களோடு மோதியவர். அவருடைய அப்பாவும் பைக் பந்தய வீரர். தேர் வீட்டிலேயே இருந்தது. அதைப் பெண்ணிடம் கொடுக்க ஓர் அப்பாவும் இருந்தார். எத்தனை வீட்டில் இரண்டும் இருக்கும்?

*

கார்ட் விளையாட்டுகளில் எனக்குப் பிடித்த விதி ஒன்று உண்டு. சூப்பர் மரியோ கார்ட்டில் வழியில் கிடைக்கும் பொருள் எல்லாருக்கும் ஒன்று போல இருக்காது. முன்னால் ஓடுகிறவருக்கு வாழைப்பழத்தோல் மாதிரி சாதாரணப் பொருள் வரும். பின்தங்கியவருக்கு மின்னல் வரும்; அதை ஏவினால் மற்ற எல்லாரும் சிறுத்து வேகம் குறைவார்கள். 1996இல் வந்த மரியோ கார்ட் 64இல் முதலிடத்தில் இருப்பவரைத் தேடிப் போய் அடிக்கும் நீல ஓடு சேர்ந்தது. திறமைக்கு மரியாதையே இல்லை என்று இதைத் திட்டுகிறவர்கள் உண்டு. இந்தத் திட்டை நாம் வேறு இடத்தில் கேட்டிருக்கிறோம், இல்லையா?

தமிழ்நாட்டில் 1989இல் அரசுப் பணியில் பெண்களுக்கு 30 விழுக்காடு இட ஒதுக்கீடு வந்தது. 2021இல் அதை 40 ஆக உயர்த்துவதாக அரசு அறிவித்தது. பேராசிரியர் அறைகளில் இன்றும் டீ குடித்துக்கொண்டே ‘லேடீஸ் கோட்டா’ என்று சிரிப்பவர்கள் இருக்கிறார்கள். அவர்களில் சிலர் வீட்டில் பிள்ளைகளோடு மரியோ கார்ட் ஆடுகிறவர்கள். பந்தயம் எல்லாருக்கும் பந்தயமாக இருக்க வேண்டுமானால் பின்தங்கியவருக்கு அதிகம் கொடுக்க வேண்டும் என்பது விளையாட்டைச் செய்தவர்களுக்குத் தெரிந்திருக்கிறது. ஒருவரே எப்போதும் முதலில் வந்தால் மற்றவர்கள் எழுந்து போய்விடுவார்கள்; விளையாட்டு முடிந்துவிடும். எங்கள் வேக்கி வீல்ஸில் இப்படிப்பட்ட ஏற்பாடு கிடையாது. கிடப்பதை எடுத்தவருக்கு உண்டு. அதனால் நாங்களே ஒரு விதி வைத்தோம். முதல் நாள் தோற்றவள் மறுநாள் முதலில் ஓட்ட வேண்டும். ஜெயித்தவள் டைப் அடிக்கப் போக வேண்டும்.

*

அந்த மூன்று மாதம் ஜூலையில் முடிந்தது. யானைக்குச் சூளூர்ப்பேட்டையில் மாப்பிள்ளை பார்த்தார்கள். நான் பொன்னேரியில் கல்லூரிக்குப் போனேன். ஒட்டகத்தின் குடும்பம் திருச்சிப் பக்க முகாமுக்கு மாற்றிக்கொண்டு போனது. அதன் பிறகு அவளைப் பற்றித் தகவல் இல்லை. நாட்டைத் தாண்டி, கடலைத் தாண்டி வந்தவள். அந்த வயதில் முகாமை விட்டு இரவு தங்க வேண்டுமென்றால் அனுமதி கேட்க வேண்டியவள். எங்கள் மூவரில் மிக வேகமாக ஓட்டியவள் அவள்தான். இருபத்தெட்டு வருடம் கழித்து இதை எழுதும்போது, யார் யாருக்கு எவ்வளவு பாதை கிடைத்தது என்ற கணக்கு என்னைத் தொந்தரவு செய்கிறது. நினைவேக்கத்தில் இனிப்பு மட்டும் இருக்கும் என்று யார் சொன்னது?

யானையிடம் போனில் பேசுவதுண்டு. இப்போது டி.வி.எஸ். எக்ஸ்.எல். ஓட்டுகிறாள். டிபன் கடைக்குச் சாமான் ஏற்றி வருவாளாம். வளைவில் இன்றும் உடம்பு தானாகச் சாய்கிறதாம். டீச்சர் இன்ஸ்டிடியூட்டை எப்போதோ மூடிவிட்டார். அந்த மாடியில் இப்போது மொபைல் சர்வீஸ் கடை. போன வருடம் அவரைப் பார்த்தபோது, “நாங்க போன பிறகு அந்த கேமை யாரு விளையாடினாங்க டீச்சர்?” என்று கேட்டேன்.

“நான்தான். ஷட்டரை இறக்கிட்டு ராத்திரி ஒரு மணி நேரம். அதுல மட்டும்தான் யாரும் என்னை ‘எப்ப, யாரு, ஏன்’னு கேக்கல” என்றார்.

*

இப்போது நான் பாடம் நடத்தும் கல்லூரியில் ஒவ்வோர் ஆண்டும் முதலாண்டு மாணவிகளிடம் ஒரு வேலை கொடுக்கிறேன். வீட்டிலுள்ள மூத்த பெண்களிடம் மூன்று கேள்வி கேட்டு வர வேண்டும். என்ன விளையாடினீர்கள்? எப்போது நிறுத்தினீர்கள்? யார் நிறுத்தச் சொன்னார்கள்? முதல் கேள்விக்கு நொண்டி, பல்லாங்குழி, ஐந்தாங்கல் என்று பதில் வரும். இரண்டாவதுக்குப் பெரும்பாலும் ஒரே பதில், “பெரிய மனுஷி ஆனதும்.” மூன்றாவதுக்கு, “யாரும் சொல்லல, நானே நிறுத்திட்டேன்” என்பார்கள். யாரும் சொல்லாமலே தெரிந்துகொள்ளும்படி வளர்த்திருக்கிறார்கள் என்பதை மாணவிகள் தாங்களே கண்டுபிடிக்கட்டும் என்று நான் விளக்குவதில்லை.

ஒன்றிய அரசின் நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பு 2019இல் நடந்தது. சம்பளமில்லாத வீட்டு வேலையில் ஈடுபடும் பெண்கள் சராசரியாக நாளுக்கு 299 நிமிடம் அதில் செலவிட்டார்கள். ஆண்கள் 97 நிமிடம். 2024இல் மறுபடி எடுத்தபோது பெண்களுக்கு 289, ஆண்களுக்கு 88. ஐந்து ஆண்டில் பெண்ணுக்குப் பத்து நிமிடம் மிச்சமானது. ஆணுக்கும் ஒன்பது நிமிடம் மிச்சமாகியிருக்கிறது.

2011 செப்டம்பர் 15 அன்று விலையில்லா மடிக்கணினித் திட்டம் எங்கள் திருவள்ளூர் மாவட்டத்தில்தான் தொடங்கியது. மிக்ஸி, கிரைண்டர், மின்விசிறி கொடுக்கும் திட்டமும் அதே நாளில். அம்மாவுக்கு மிக்ஸி, மகளுக்கு மடிக்கணினி. மிக்ஸியால் மிச்சமான நேரம் அம்மாவுக்கு விளையாட்டாக மாறியதா என்று தெரிய மேலே உள்ள எண்களைப் பாருங்கள். மகளுடைய மடிக்கணினியில் மாறியது. அப்படிப்பட்ட பழைய மடிக்கணினி ஒன்றில்தான் ஒரு மாணவி எனக்குச் சூப்பர்டக்ஸ்கார்ட்டைக் காட்டினாள். பல நாட்டுத் தன்னார்வலர்கள் சேர்ந்து எழுதும் கட்டற்ற மென்பொருள் அது. காசு வேண்டாம், யாருக்கு வேண்டுமானாலும் நகல் எடுத்துக் கொடுக்கலாம். டக்ஸ் என்ற பென்குவின், கிகி என்ற அணில், குட்டிக் கார்கள். 2019இல் வந்த 1.0 பதிப்பிலிருந்து இணையம் வழியாகவும் ஆடலாம். இவர்கள் ஒரே கீபோர்டில் முழங்கை இடித்துக்கொண்டுதான் ஆடினார்கள்.

எங்கள் துறையில் வெள்ளிக்கிழமை கடைசி மணியை இப்போது ‘சும்மா நேரம்’ என்று வைத்திருக்கிறோம். பாடம் கிடையாது, போட்டி கிடையாது, சான்றிதழ் கிடையாது. இதனால் மாணவியர்க்கு என்ன பயன் என்று ஒரு கூட்டத்தில் கேட்டார்கள். குழு மனப்பான்மை, விரல் ஒருங்கிணைவு என்று நான்கைந்து காரணம் அடுக்கியிருக்கலாம். பயன் எதுவும் இல்லை, அதற்காகத்தான் என்றேன். கேட்டவர் குறித்துக்கொள்ளவில்லை.

மாணவிகளில் ஒருத்தி தொழிற்பேட்டையில் பகுதி நேர வேலை பார்க்கிறாள். இரவு கம்பெனி பஸ், காலை கல்லூரி. சும்மா நேரம் ஆரம்பித்ததும் அவள் பின்பெஞ்சில் துப்பட்டாவை மடித்துத் தலைக்கு வைத்துத் தூங்கிவிடுவாள். கூப்பிட்டு ஆட வைக்கலாமா என்று முதல் வாரம் மற்றவர்கள் என்னைப் பார்த்தார்கள். வேண்டாம் என்று கைகாட்டினேன். அவளுக்கு அதுதான் அந்த மணி நேரத்தில் தேவைப்பட்டது. ஸ்பீக்கர் சத்தத்தை அவர்களே குறைத்துக்கொண்டார்கள். சிரிப்பை மட்டும் யாரும் குறைக்கவில்லை. அதில் அவள் எழுந்ததும் இல்லை.